அப்பத்தா சொன்னதும் ஆப்பிரிக்க மூஞ்சூறும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் வகுப்பில் பாலூட்டிகளின் நடத்தை பற்றிப் பாடம் நடந்தது. தாய் விலங்கு தன் குட்டிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எப்படிக் கொண்டு செல்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் கேட்டார் பேராசிரியர். பூனை என்றார் ஒருவர். குரங்கு என்றார் இன்னொருவர். நான் எழுந்து, "மூஞ்சூறு, சார். தாயின் வால் பக்கத்தை முதல் குட்டி வாயால் கவ்விக்கொள்ளும். அந்தக் குட்டியை அடுத்தது கவ்வும். அப்படியே ரயில் வண்டி போல வரிசையாகப் போகும்" என்றேன்.

"எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்று கேட்டார்.

"புத்தகத்தில் இல்லை, சார். எங்கள் அப்பத்தா சொன்னது."

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் முகம் சிவக்க உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்த நண்பர்கள் மீது எனக்கு இன்று வருத்தம் எதுவுமில்லை. அவர்களைவிடப் பெரிய பிழை செய்தவள் நான்தான். அன்று மாலை வீட்டுக்குப் போனதும், வழக்கம்போல அப்பத்தா, "இன்னைக்கு என்ன தாயி படிச்சே?" என்று கேட்டார். கையெழுத்துப் போடத் தெரியாத அந்த மூதாட்டி நாள் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொன்னா ஒனக்குப் புரியாது அப்பத்தா" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அதன் பிறகு பல நாள் அந்தக் கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

பேராசிரியர் கேட்ட கேள்வி மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. எந்தப் புத்தகம்? நூலகத்தில் தேடத் தொடங்கினேன். சில வாரங்களில் விடை கிடைத்தது. நம் வீடுகளில் திரியும் மூஞ்சூற்றின் குட்டிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தாயின் பின்னே வரிசையாகச் செல்வதை விலங்கியலார் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒட்டகங்களோடு சாரி சாரியாகச் செல்லும் வணிகக் கூட்டத்தின் பெயரை இந்த நடத்தைக்குச் சூட்டியிருக்கிறார்கள். அப்பத்தா ரயில் வண்டி என்றார், அவர்கள் ஒட்டக வரிசை என்றார்கள். அவ்வளவுதான் வேறுபாடு!

அப்பத்தா மூஞ்சூற்றைப் பற்றி வேறொன்றும் சொல்வதுண்டு. மூஞ்சூறு வந்து போகும் வீட்டில் செல்வம் சேருமாம். எங்கள் வீட்டில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மூஞ்சூறு வந்துகொண்டுதான் இருக்கிறது. செல்வம்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை!

ஒரே வாய் சொன்ன இரண்டு செய்திகள். ஒன்று மெய், மற்றொன்று வெறும் நம்பிக்கை. இவற்றை எப்படிப் பிரித்தறிவது? மூஞ்சூறுகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டு போனபோது, இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கும் ஒரு சிற்றுயிரைச் சந்தித்தேன். அது ஆப்பிரிக்காவில் வாழ்கிறது. அதை என் தோழர்களுக்கும் அறிமுகம் செய்து, அதன் மூலம் என் கருத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மாவீர மூஞ்சூறு

முதலில் ஒரு சொல். மூஞ்சூறு எலியன்று. எலி கொறிக்கும் விலங்கு. மூஞ்சூறோ பூச்சிகளையும் புழுக்களையும் தின்று வாழ்வது. நீண்ட மூக்கு, சிறு கண், கூர்மையான மோப்பம், ஓயாத பசி, இவை அதன் அடையாளங்கள். உலகில் நானூறுக்கும் மேற்பட்ட மூஞ்சூறு இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் அளவுக்குக்கூட நமக்குச் செய்தி தெரியாது.

நான் சொல்ல வந்தது காங்கோ, உகாண்டா, ருவாண்டா ஆகிய நாடுகளின் காடுகளில் வாழும் ஒரு மூஞ்சூறு. அறிவியல் பெயர் ஸ்கூட்டிசோரெக்ஸ் சோமெரெனி. ஆங்கிலத்தில் வீரன் என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து அதை அழைக்கிறார்கள். நாம் மாவீர மூஞ்சூறு எனலாம். தலையும் உடலும் சேர்ந்து ஒரு சாண் தேறாது. எடை பெரும்பாலும் நூறு கிராமுக்குள். சாம்பல் நிறத்தில் அடர்ந்த மயிர். பார்த்தால் நம் வீட்டு மூஞ்சூற்றின் ஒன்றுவிட்ட உறவு என்றுதான் தோன்றும். வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே துணைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இந்த இனத்தை 1910ஆம் ஆண்டில் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஓல்ட்ஃபீல்டு தாமஸ் என்ற அறிஞர் முதன்முதலாக விவரித்தார். உகாண்டாவிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து எழுதினார். வான் சோமெரென் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். தாமஸ் சாதாரண அறிஞர் அல்லர். எண்ணற்ற பாலூட்டிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர். ஆயினும் இந்த விலங்கின் மிகப் பெரிய அதிசயம் அவர் கண்ணில் படவில்லை. அந்நாளில் தோலையும் மண்டையோட்டையும் பாதுகாத்து, அவற்றைக் கொண்டு இனத்தை விவரிப்பதே வழக்கம். அதிசயமோ முதுகெலும்பில் இருந்தது.

அந்த அதிசயத்தை அறிந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். காங்கோவின் வடகிழக்குப் பகுதியில் வாழும் மங்பெட்டு மக்களே அவர்கள். 1909 முதல் 1915 வரை நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சார்பில் ஹெர்பர்ட் லாங், ஜேம்ஸ் சாப்பின் என்னும் இருவர் காங்கோவில் பயணம் செய்து விலங்குகளைச் சேகரித்தனர். அவர்களுக்கு மங்பெட்டு மக்கள் ஒரு காட்சியைக் காட்டினார்கள்.

கூட்டம் கூடியது. மந்திர முழக்கம் எழுந்தது. ஏறத்தாழ 72 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வெறுங்காலோடு அந்த மூஞ்சூற்றின் முதுகின் மேல் ஏறினார். ஒற்றைக்காலில் நிலைகொள்ள முயன்றபடி, முழக்கமிட்டுக்கொண்டே பல நிமிடங்கள் நின்றார். அந்தச் சிற்றுயிரின் கதை முடிந்தது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்கள். அவர் குதித்து இறங்கியதும் மூஞ்சூறு சற்றே நடுங்கியது. பிறகு ஒன்றும் நடவாதது போலத் தப்பி ஓடப் பார்த்தது!

தன் எடையைப் போல் எழுநூறு மடங்குக்கு மேற்பட்ட சுமை! பிள்ளையாரின் பெருவயிற்றையும் அவர் ஏறிவரும் மூஞ்சூற்றையும் பார்த்து, "இது எப்படித் தாங்கும்?" என்று நாம் சிறுவயதில் கேட்டிருப்போம். பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். காங்கோவில் ஒரு மூஞ்சூறு மெய்யாகவே ஓர் ஆளைத் தாங்கியிருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நம் வீட்டு மூஞ்சூற்றிடம் யாரும் இந்தச் சோதனையைச் செய்து பாவத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம். அது நசுங்கிப் போகும்.

மங்பெட்டு மக்கள் மற்றொன்றும் சொன்னார்கள். இந்த விலங்கின் கருகிய உடலிலோ இதயத்திலோ ஒரு துணுக்கை உடன் வைத்திருந்தால், போரிலும் வேட்டையிலும் எந்த ஆபத்தும் அண்டாது என்றார்கள். வீரன் என்ற பெயர் அதற்கு வந்தது இந்த நம்பிக்கையினால்தான்.

எலும்பு சொன்ன சாட்சி

இப்போது அந்த ஆய்வாளர்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. "இவர்கள் படிப்பறியாதவர்கள், தாயத்துக் கட்டுபவர்கள், இவர்கள் பேச்சை எடுத்துக்கொள்வதா?" என்று முழுவதையும் ஒதுக்கியிருக்கலாம். "நம் கண்ணால் பார்த்தோமே, ஆகையால் தாயத்தும் உண்மையாகத்தான் இருக்கும்" என்று முழுவதையும் ஏற்றிருக்கலாம். மூன்றாவது வழி, உடலைத் திறந்து பார்ப்பது.

நல்லவேளையாக மூன்றாவது வழியே நடந்தது. பார்த்ததை லாங் குறித்து வைத்தார். சேகரித்தவை நியூயார்க் சென்றன. அங்கே ஜே. ஏ. ஆலன் என்ற விலங்கியலார் எலும்புக்கூட்டை ஆராய்ந்து, 1917இல் வெளியிட்டார். அதன் முதுகெலும்பைப் போல வேறெந்தப் பாலூட்டியிலும் கண்டதில்லை.

நமக்கு இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள். பெரும்பாலான பாலூட்டிகளுக்கும் ஐந்து, ஆறு, அல்லது சற்று அதிகம். மாவீர மூஞ்சூற்றுக்கோ பதினொன்று! ஒவ்வொரு முள்ளெலும்பும் பக்கவாட்டில் அகன்று தடித்திருக்கிறது. அதன் மேல் விரல் விரலாகப் பல எலும்பு முனைகள். இரு கைகளின் விரல்களைக் கோத்துக்கொள்வது போல, ஒரு முள்ளெலும்பின் முனைகள் அடுத்ததன் முனைகளோடு கோத்துக்கொள்கின்றன. முதுகுத் தூண் முழுவதும் பின்னிய சங்கிலி போலத் திகழ்கிறது.

ஆக, மங்பெட்டு மக்களின் முதல் கூற்றுக்கு எலும்பே சாட்சி சொல்லிவிட்டது. இரண்டாம் கூற்றுக்கு அப்படி ஒரு சாட்சி கிடைக்கவில்லை. மூஞ்சூற்றின் வலிமை மூஞ்சூற்றின் எலும்பில் இருக்கிறது. அதன் சாம்பலை அணிந்தவரின் உடம்புக்கு அது எப்படி வரும்?

இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் கூற்று பொய் என்பதால் முதல் கூற்று பொய்யாகிவிடவில்லை. முதல் கூற்று மெய் என்பதால் இரண்டாம் கூற்று மெய்யாகிவிடவும் இல்லை. இரண்டையும் தனித்தனியே தராசில் நிறுத்த வேண்டும். அறிவியல் என்று நாம் கற்பது இந்தத் தராசைத்தான்.

இன்னும் விடை கிடைக்கவில்லை

இந்த விலங்குக்கு இப்படி ஒரு முதுகு எதற்கு? ஆளைச் சுமக்கவா அது பிறந்தது? நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உறுதியான விடை இல்லை. தேர்வுத்தாளில் "அமைப்பையும் பணியையும் தொடர்புபடுத்துக" என்று கேட்டால், இந்த ஒரு விலங்குக்கு மட்டும் முதல் பாதியைத்தான் எழுத முடியும்.

2013ஆம் ஆண்டில் ஒரு புதிய செய்தி வந்தது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டான்லியும் அவருடைய கூட்டாளிகளும், காங்கோவின் தாழ்நிலக் காட்டில் கிடைத்த மாதிரியைக் கொண்டு இரண்டாவது இனம் ஒன்றை அறிவித்தனர். அதற்கு ஸ்கூட்டிசோரெக்ஸ் தோரி என்று பெயர். இதன் இடுப்பு முள்ளெலும்புகள் எட்டு. சாதாரண மூஞ்சூற்றுக்கும் பதினொரு எலும்பு கொண்ட மாவீரனுக்கும் இடைப்பட்ட படிக்கல் போல நிற்கிறது இது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் காங்கோ நாட்டு ஆய்வாளர்களும் இருந்தார்கள் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

முதுகின் பயன் பற்றியும் அதில் ஒரு விளக்கம் உண்டு. அந்தப் பகுதி மக்கள் பனை வகை மரங்களின் அடிமரத்தில் வண்டின் புழுக்களைத் தேடி எடுப்பதை ஆய்வுக் குழுவினர் கண்டனர். மட்டையின் அடிப்பகுதிக்கும் மரத்துக்கும் இடையில் அந்தப் புழுக்கள் பதுங்கியிருக்கும். மூஞ்சூறும் அந்த இடுக்கில் தன் உடலை நுழைத்து, முதுகை வளைத்து நெம்பி, வேறெந்த விலங்குக்கும் எட்டாத புழுவை எடுத்துத் தின்கிறதோ என்று எண்ணினர். விழுந்து கிடக்கும் கட்டைகளையும் அது இப்படி நெம்பித் தூக்கலாம். காட்டில் வாழும் மக்களின் அன்றாட வேலையைப் பார்த்தபோதுதான் இந்த எண்ணம் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். ஆயினும் இதை அவர்கள் கருதுகோள் என்றுதான் சொன்னார்களே தவிர, முடிவு என்று சொல்லவில்லை.

2020இல் ஸ்டெஃபனி ஸ்மித், கென்னத் ஆஞ்சில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் நுண்கதிர்ப் படங்களால் இந்த முள்ளெலும்புகளின் உட்புறத்தை ஆராய்ந்தனர். எலும்பு தான் தாங்கும் சுமைக்கேற்ப உள்ளே தன்னை அமைத்துக்கொள்வது. ஆகவே உள்ளமைப்பைப் பார்த்துச் சுமையை ஊகிக்கலாம். முதுகின் நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக அழுத்தும் விசையை இந்த விலங்குகள் மிகுதியாகத் தாங்குகின்றன என்று தெரிந்தது. அவ்வாறு அழுந்தும்போது முதுகு பக்கவாட்டில் நெளியாமல், பெரும்பாலும் கூன் போடும் திசையில் மட்டுமே வளையும் என்றும் தெரிந்தது. இவ்வளவு கண்ட பிறகும், காட்டில் அது முதுகை எதற்குப் பயன்படுத்துகிறது என்ற புதிர் தீரவில்லை என்றே அவர்கள் எழுதினார்கள். இவ்வளவு நுட்பமான கருவி கையில் இருந்தும் "தெரியவில்லை" என்று எழுத அவர்கள் கூசவில்லை. நாமோ தேர்வில் ஒரு வரி தெரியாவிட்டால் நான்கு பக்கம் நிரப்புகிறோம்!

நமக்கு இதனால் என்ன?

"எங்கோ காங்கோக் காட்டில் திரியும் மூஞ்சூற்றைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது? பாடத்திட்டத்தில் இருக்கிறதா?" என்று தோழி ஒருத்தி என்னைக் கேட்டாள். நியாயமான கேள்விதான். இல்லை, பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் நம் கல்லூரியில் படிப்பவர்களில் என்னைப் போல் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர் இருக்கிறோம். நாள்தோறும் இரண்டு உலகங்களுக்கு இடையே பேருந்தில் போய் வருகிறோம். ஒன்று புத்தகம் பேசும் உலகம். மற்றொன்று காடு, கழனி, ஆடு, மாடு, பூச்சி, புழு ஆகியவற்றோடு வாழ்ந்து தேர்ந்தவர்களின் உலகம். முதல் உலகத்தில் இடம் பிடிப்பதற்காக இரண்டாவதைக் கண்டு வெட்கப்படப் பழகிவிடுகிறோம். "சொன்னா ஒனக்குப் புரியாது" என்று நான் சொன்னது அந்த வெட்கத்தால்தான். அது அறிவின் அடையாளம் என்று அப்போது எண்ணினேன். அறியாமை என்று இப்போது தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. "நம் முன்னோர் சொன்னது எல்லாமே அறிவியல்தான்" என்று மேடையேறி முழங்குவது. அதுவும் அந்த முன்னோருக்குச் செய்யும் மரியாதையாகாது. என் அப்பத்தாவின் ரயில் வண்டிச் செய்தியைச் செல்வச் செய்தியோடு ஒரே மூட்டையாகக் கட்டினால், அவர் கண்ணால் கண்டு சொன்ன நல்ல செய்திக்குத்தான் மதிப்புக் குறையும். ஒதுக்குபவனும் பார்ப்பதில்லை, முழங்குபவனும் பார்ப்பதில்லை. இருவருக்கும் பார்ப்பதற்குச் சோம்பல்.

திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாம் குறளை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். சொன்னவர் யார் என்று பாராமல், சொன்னது மெய்யா என்று பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். பள்ளியில் அதற்கு மதிப்பெண்ணும் வாங்கினோம். கல்லூரியில் அதன்படி நடக்கிறோமா?

மற்றொன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. தோலையும் மண்டையோட்டையும் விவரித்தவர் பெயர் நூலில் இருக்கிறது. எலும்புக்கூட்டை ஆராய்ந்தவர் பெயரும் இருக்கிறது. யார் பெயரால் இனம் அழைக்கப்படுகிறதோ அவர் பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் இந்த விலங்கின் வலிமையை முதலில் அறிந்து, ஊர் நடுவே அதன் முதுகில் ஏறி நின்று காட்டினாரே, அந்த மனிதரின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. மங்பெட்டு மக்கள் என்ற பொதுப் பெயர் மட்டுமே இருக்கிறது. அறிவைத் தந்தவரின் பெயரையும் சேர்த்து எழுதும் பழக்கம் நம் தலைமுறையிலாவது வர வேண்டும்.

ஆகவே நம் விலங்கியல், தாவரவியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். துறைக்கு ஒரு குறிப்பேடு வைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒரு செய்தியாவது தம் வீட்டிலோ ஊரிலோ கேட்டு அதில் எழுதட்டும். எந்த உயிர், எந்த ஊர், எந்தப் பருவம், சொன்னவர் பெயர் என்ன, அவர் கண்ணால் கண்டதா, செவிவழி கேட்டதா என்று தெளிவாக எழுதட்டும். பிறகு பேராசிரியர்கள் வழிகாட்ட, அவற்றில் இயன்றதைச் சோதித்துப் பார்ப்போம். பத்தில் ஒன்பது பொய்த்துப் போகலாம். போகட்டுமே! பொய்த்தது என்று கண்டறிவதும் ஆய்வுதானே? இதற்குப் பெரும் பணம் வேண்டாம். ஒரு நோட்டும் கேட்கும் காதும் போதும்.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, அப்பத்தா கேட்காமலேயே நான் அருகில் உட்கார்ந்து இந்த ஆப்பிரிக்க மூஞ்சூற்றின் கதையைச் சொன்னேன். வகுப்பில் நடந்ததையும், நான் வெட்கப்பட்டதையும் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் தலையைத் தடவிக் கொடுத்தார். மூஞ்சூற்றைப் பற்றித்தான் கேட்டார்.

"அம்புட்டுப் பலம் அதுக்கு எதுக்காம்?"

"இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலை, அப்பத்தா."

"தெரியலைன்னா ராவுல போயி ஒக்காந்து பாக்க வேண்டியதுதானே?"

ஆய்வு முறை பற்றி நான் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் அத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டன. மறுநாள் மாலை கல்லூரியிலிருந்து திரும்பியதும் அவர் பழையபடி கேட்டார்: "இன்னைக்கு என்ன தாயி படிச்சே?" அன்று நடந்த பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை அவருக்குச் சொன்னேன். தோழர்களே, நீங்களும் இன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.